ஆறாவது ஜாடி

காலை மணி 11.40. தலைமை நடுவர் நாற்காலியோடு சாய்ந்தார்.

கால் இடறியது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். அவர் விரல்கள் சட்டைக் காலரைப் பிறாண்டின. ஏதோ சொல்ல வந்த வாய் கோணிக்கொண்டது. டாக்டர் ஓடிவந்தபோது பெரியவரின் கண்களை மூடிவிடுகிற வேலைதான் மிச்சம் இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த மூக்குக்காரி தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். அது மரத்துப்போயிருந்தது.

மூக்குக்காரி என்பது தொழிலில் அவளுக்கு விழுந்த பட்டப்பெயர். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தச் சரக்கு எத்தனை வருஷம் பீப்பாயில் கிடந்தது என்று சொல்லிவிடுவாள் என்று பெயர். அன்று புகை மணக்கும் ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் விஸ்கிகளுக்கு மதிப்பெண் போட வந்திருந்தாள். பீட் என்கிற சதுப்பு மண்ணை எரித்து, அந்தப் புகையில் தானியத்தை உலர்த்திச் செய்கிற சரக்கு அது. மூடியைத் திறந்தாலே தாரும் டிஞ்சரும் கடல் உப்பும் கலந்த வாடை அறையை அடைத்துக்கொள்ளும்.

பாட்டிலைப் பார்த்து யாரும் முடிவுகட்டிவிடக் கூடாதென்று, ஆறு விஸ்கிகளையும் எண் போட்ட ஆறு ஜாடிகளில் ஊற்றி வைத்திருந்தார்கள். எந்த ஜாடியில் எது என்ற பட்டியல் ரகசியம். நடுவர்கள் நாலு பேர். தலைமை நடுவரான பெரியவர், மூக்குக்காரி, அவள் பக்கத்து நாற்காலியில் தாடிக்காரர், அடுத்து முன்பு மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர். கடையை மூடிய பிறகும் அவருக்கு 'மருந்துக்கடை' என்றே பெயர்.

வாயில் வைத்துச் சுழற்றித் துப்பிவிடுவதுதான் நடுவர்களின் வழக்கம். பெரியவர் மட்டும் கடைசிக் கோப்பையை விழுங்குவார். "ஒண்ணாவது உள்ள போகட்டும்யா, பாவம்" என்று சிரிப்பார். தொழிலில் இது தெரியாத ஆள் கிடையாது.

மணி 12.05. இன்ஸ்பெக்டர் வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார். குள்ளமான, மெதுவாகப் பேசுகிற பெண்மணி.

"கடைசி ஜாடியில விஷம். ஏதோ வேராம். வாயில பட்டா மரத்துப்போகும், வயித்துக்குள்ள போனா நெஞ்சை நிறுத்திடும்னு டாக்டர் சொல்றார். நீங்க துப்பிட்டதால பொழைச்சீங்க. நாக்கு எப்படி இருக்கு?"

"கட்டை மாதிரி இருக்கு மேடம்" என்றார் மருந்துக்கடை.

"எனக்கும் அதேதான். உணர்ச்சியே இல்ல" என்றார் தாடிக்காரர்.

மூக்குக்காரி தலையை மட்டும் ஆட்டினாள்.

"கடைசிக் கோப்பைக்கு முன்னால விட்ட இடைவேளையில ஜாடி வச்சிருந்த ரூம் பக்கம் போனது யாரு?"

மூன்று பேரும்தான் போயிருந்தார்கள். கை கழுவும் இடம் அந்த வழியில்தான். வழியிலிருந்த குப்பைக்கூடையில் ஒரு சின்னக் குப்பி கிடைத்தது. ரேகை எதுவும் இல்லாமல் துடைத்திருந்தது.

எல்லோர் கண்ணும் மருந்துக்கடை மேல் போயிற்று. மனிதர் எழுந்துவிட்டார். "கடையை மூடி ஒம்பது வருஷம் ஆச்சு மேடம். விஷம்னதும் என் தலையிலயே கட்டிடாதீங்க!"

மணி 12.40. பாட்டில் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பெண் டீ கொண்டுவந்தாள். ஆவி பறந்தது. மருந்துக்கடை கோப்பையை மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்து, "பால் தீஞ்சிருக்கு" என்று அப்படியே வைத்துவிட்டார். தாடிக்காரர் உதட்டில் வைத்த வேகத்தில் 'ஸ்ஸ்' என்று எடுத்து ஊதினார். மூக்குக்காரி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தாள். மடமடவென்று குடித்துவிட்டாள். தொண்டையில் இறங்கியபோதுதான் சூடு தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் நடுவர்கள் மணமும் ருசியும் எழுதிய மதிப்பெண் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு கிடங்குக்காரியை அழைத்தார்.

"ஆறாவது ஜாடியில என்ன ஊத்தினீங்க?"

"பட்டியல்ல இருந்த பாட்டிலோட கார்க் காலைல உதிர்ந்துபோச்சு மேடம். புகையே போடாத விஸ்கி ஒண்ணு கைவசம் இருந்துச்சு. 'அதையே ஊத்து, இவங்க மூக்கையும் சோதிச்ச மாதிரி ஆச்சு'ன்னாரு பெரியவரு. வேற யாருக்கும் தெரியாது."

மூக்குக்காரி இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தன் அட்டையைப் பார்த்தாள்.

மணி 1.10. இன்ஸ்பெக்டர் மூன்று அட்டைகளை மேஜையில் வைத்தார்.

"மருந்துக்கடை எழுதியிருக்கார்: 'தேன், ஆப்பிள், கூடவே ஒரு பச்சை வேர்க் கசப்பு, புகை இல்லை.' மத்த ரெண்டு அட்டையிலும் 'அடர்ந்த புகை, தார், உப்பு.' இல்லாத புகை எங்கேர்ந்து வந்துச்சு? ஒருத்தர் அந்தக் கோப்பையை வாயிலயே வைக்கல, பழைய பட்டியலைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு எழுதியிருக்கார். இன்னொருத்தர் அதைப் பார்த்து எழுதியிருக்கார். வாயில வைக்காதவருக்குத்தான் அதுல என்ன இருக்குன்னு தெரியும்."

தாடிக்காரர் முந்திக்கொண்டார். "ஒத்துக்கறேன், நான் பார்த்துத்தான் எழுதினேன். இவங்க பக்கத்துல உக்காந்தா யாருதான் பார்க்க மாட்டாங்க? மூக்குக்காரி என்னைப் பார்த்து எழுதினாங்கன்னு சொன்னா ஊரே சிரிக்கும்."

உண்மைதான். சிரிக்கும். மூக்குக்காரிக்கும் அது தெரியும். வாயைத் திறந்தால் பிழைப்பு போகும், திறக்காவிட்டால் தூக்குக்கயிறு.

"எனக்கு வாசனை தெரியாது மேடம்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "காய்ச்சல் வந்ததுலேர்ந்து மூணு மாசமா எதுவும் தெரியாது. வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லல. இவர் அட்டையைப் பார்த்துத்தான் எழுதறேன்."

"நடிக்கறாங்க!" என்றார் தாடிக்காரர்.

"இல்ல சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "தீஞ்ச பாலு இந்த ரூமையே தூக்குது. இவங்க முகம் சுளிக்காம குடிச்சு முடிச்சாங்க. அவ்வளவு சூடும் இவங்க உதட்டுக்கு உறைக்கல. விஷம் பட்ட உதடு அப்படித்தான் இருக்கும். உங்க நாக்கும் மரத்துப்போச்சுன்னீங்களே? அப்புறம் சுடுதுன்னு ஏன் ஊதினீங்க?"

தாடிக்காரர் டீக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"பட்டியலை நீங்க திருட்டுத்தனமா வாங்கறதைப் பெரியவர் கண்டுபிடிச்சுட்டார். உங்களை நீக்கற கடிதம் அவர் பையில இருக்கு. புகை வாடையில விஷ வாடை அமுங்கிடும்னு நினைச்சு ஜாடியில ஊத்தினீங்க. ரூம் முழுக்கப் புகை நாத்தம், அதுல ஆறாவது மாறினது உங்களுக்குத் தெரியல."

"நாளைக்கு எல்லார் முன்னாலயும் என் பேரை வாசிக்கறேன்னாரு" என்றார் தாடிக்காரர், தரையைப் பார்த்தபடி. கான்ஸ்டபிள் அவர் தோளைத் தொட்டதும் எழுந்து நடந்தார்.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை மூக்குக்காரி பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்கம்மா. பயப்பட இனிமே ஒண்ணும் இல்ல."

"ஒண்ணு விட்டுப்போச்சு மேடம்." பேனாவை எடுத்தவள் கீழே வைத்தாள். "அந்தக் கோப்பையை மோந்து பார்த்துட்டு பெரியவர் என்னைத்தான் கேட்டார். 'ஏம்மா, இதுல வேற ஏதோ வாடை அடிக்குதே, உனக்குத் தெரியுதா?'ன்னார். 'ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் இருக்கு'ன்னேன். அதுக்கப்புறம்தான் குடிச்சார்."

"அது குத்தம்னு எந்தச் சட்டத்துலயும் இல்லம்மா."

"இருக்கட்டும். எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் தாளைத் தன் பக்கம் இழுத்து எழுதத் தொடங்கினார்.