இன்னும் வைக்காத அடிகள்

தனகோட்டியின் நிலத்தில் அன்று தோண்டியெடுத்த கிழங்குகள் ஒரு கூடைக்குக்கூடத் தேறவில்லை. கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி லேசாக இருந்தன. மண்ணியலாளர் எஸ்தர் ஒன்றைக் கத்தியால் பிளந்து பார்த்தாள். உள்ளே வெறும் சக்கை. உலோகம் துளிகூட இல்லை.

சமைத்துச் சாப்பிடுகிற கிழங்கு இல்லை இது. பாலாற்றங்கரையில் நெல் போய் வருசக்கணக்காகிறது. இப்போது விளைவது உலோகக் கிழங்குதான். தோல் பதனிட்ட கழிவு இரண்டு தலைமுறையாக மண்ணுக்குள் இறங்கி, குரோமியமும் ஈயமும் அடியில் தங்கிவிட்டன. வேர்வலை என்கிற பூஞ்சை அவற்றை உறிஞ்சிக் கிழங்காகத் திரட்டும். மாதாமாதம் வண்டி வந்து கிழங்கை அள்ளிக்கொண்டு போகும். ஊர் முழுக்க மண்ணுக்கடியில் வெள்ளை நூலாக ஓடும் அந்த வலையை உண்டாக்கியவள் எஸ்தர்.

வலைக்கு மூளை கிடையாது, ஆனால் கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு வயலின் நடுவிலும் மண்ணுணரி என்று ஒரு கம்பி நட்டிருக்கும். மண்ணில் உலோகம் குறைந்திருப்பதாகக் கம்பி சொன்னால், அதன் தலையிலிருக்கும் குடுவையிலிருந்து வெல்லப்பாகு சொட்டும். குறையவில்லையென்றால் வலைக்கு அன்று பட்டினி. நாய்க்குட்டியைப் பழக்குகிற அதே வித்தைதான். பாகு கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்பதை வலையே தட்டித் தடவிக் கண்டுபிடித்துக்கொள்ளும். அந்த யோசனைக்காக எஸ்தருக்குப் பொன்னாடைமேல் பொன்னாடை போர்த்தினார்கள்.

எஸ்தர் கெட்டிக்காரி. கெட்டிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு என்று ஒன்று உண்டு, அதைத்தான் அவளும் செய்திருந்தாள். அன்று வரை அது அவளுக்குத் தெரியாது.

இதுவரை அள்ளிப்போன உலோகத்தின் கணக்கு முழுசாகவில்லை, மிச்சம் கிழங்கில் இல்லையென்றால் மண்ணில் இருந்தாக வேண்டும். கையடக்கமான இன்னொரு மண்ணுணரியை எடுத்து நாலு மூலையிலும் குத்திப் பார்த்தாள். குத்திய இடத்திலெல்லாம், ‘தூய மண். பயிரிடலாம்’ என்றே எழுத்து ஓடியது. கிணற்றுத் தண்ணீரை ஆராய்ந்தாள், அதிலும் இல்லை. உலோகம் என்ன ஆவியா, காற்றோடு போக? எங்கேயோ இருக்கிறது. எங்கே என்று தெரியாமல், நிலம் சுத்தம் என்று கையெழுத்துப் போட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆனால் போட்டாக வேண்டும். மறுநாள்தான் தூய்மை அறிவிப்பு. எஸ்தர் கையெழுத்திட்டால் தனகோட்டி விதைக்கலாம். அவருடைய அப்பா காலத்தில் நின்றுபோன விதைப்பு அது. விதைநெல் வாங்கி வீட்டில் வைத்துவிட்டார் மனிதர். பார்க்கிற ஆளையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கையெழுத்து விழாவிட்டால் நிலத்தைச் சுற்றி மறுபடியும் முள்கம்பிதான்.

தனகோட்டிக்கும் எஸ்தருக்கும் முதலிலிருந்தே ஒரு சண்டை உண்டு, செருப்புச் சண்டை. அந்தப் பக்கத்தில் சோறு போடுகிற நிலத்தில் யாரும் செருப்போடு இறங்க மாட்டார்கள். வரப்பிலேயே கழற்றிவிடுவார்கள். விளையாத வருசங்களிலும் தனகோட்டி அதை விடவில்லை. எஸ்தர் மட்டும் முழங்கால் உயரப் பூட்ஸோடு இறங்குவாள், அது ஆராய்ச்சிக்கூடத்துச் சட்டம். அவர் முணுமுணுப்பார், அவள் கேட்காத மாதிரி நடப்பாள். சமீப காலமாக ஊர்ச்சனமும் சாயங்காலத்தில் அங்கே வந்து வெறுங்காலோடு உலாத்தத் தொடங்கியிருந்தது. மண்ணில் கால் வைத்தால் மருதாணி வைத்த மாதிரி சில்லென்று இருக்கிறதாம், கால் எரிச்சல் போகிறதாம். மண்ணுக்கு உயிர் திரும்பிவிட்டது என்று எஸ்தரும் பூரித்துப்போனாள், பாவம்.

உச்சி வேளையில் வயலில் தனியாக நிற்கக் கூடாது என்று ஊரில் சொல்வார்கள். எஸ்தருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. தனகோட்டி சாப்பிடப் போன நேரத்தில் அவள் மட்டும் வயலில் நின்றாள். அப்போதுதான் வரப்போரம் அந்த அடிகளைப் பார்த்தாள்.

வெள்ளை வெளேரென்று, ஐந்து விரலும் குதிகாலும் தெரிய, மனிதப் பாதத்தின் அச்சில் வலையின் நூல்கள் மண்ணுக்கு மேலே வந்திருந்தன. காலையில் யாரோ நடந்த தடத்தில் முளைத்திருக்கின்றன என்று நினைத்தாள். நூற்றுக்கணக்கில் இருந்தன, எல்லாம் வெறுங்கால் தடங்கள். அவளுடைய பூட்ஸ் தடத்தில் ஒரு நூல்கூட இல்லை.

ஒரு தடத்தைக் கரண்டியால் கிளறினாள். கீழே நூல்கள் கயிறாகத் திரண்டு செங்குத்தாக நின்றன. நுனி மட்டும் மயிரைவிட மெல்லியதாகப் பிரிந்து மேல்நோக்கி நீண்டிருந்தது. உறைபோட்ட கையை அருகே கொண்டுபோனாள், அசையவில்லை. உறையைக் கழற்றினாள். நூல்கள் மெதுவாக அவள் விரல் பக்கம் சாய்ந்தன. தொட்ட இடம் சில்லென்று இதமாக இருந்தது. கையை எடுக்கவே மனம் வரவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்த தனகோட்டி வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு வயலைச் சுற்றி வரக் கிளம்பினார். தினமும் அதே வழி, அதே நடை. எஸ்தர் பின்னாலேயே போனாள். வாய்க்கால் மடையருகே மண்ணைக் காலையில்தான் கொத்தி மட்டமாக்கியிருந்தார்கள், அதற்குப் பிறகு அங்கே யாரும் கால் வைக்கவில்லை. அங்கேயும் வெள்ளை அடிகள் இருந்தன. தனகோட்டி பேசிக்கொண்டே போனார். அவருடைய வலது கால் வெள்ளை வலது அடியில் விழுந்தது. இடது கால் வெள்ளை இடது அடியில் விழுந்தது. அவர் குனிந்து பார்க்கவே இல்லை. இன்னும் வைக்காத அடிகளும் அவருக்கு முன்னால் வரிசையாகக் காத்திருந்தன.

எஸ்தர் ஓடிப்போய் அவரை மறித்தாள். அவரை வரப்பில் உட்காரச் சொல்லி, வாயைத் திறக்கச் சொன்னாள். ஈறில் நீலமாக ஒரு கோடு ஓடியது. வெற்றிலைக் கறை என்றார் அவர். கால் நகங்கள் ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தன. அவள் கைமண்ணுணரியை அவர் உள்ளங்காலில் வைத்து அழுத்தினாள். கருவிக்கு மனிதனைத் தெரியாது. அதற்குக் கேட்கத் தெரிந்தது ஒரே கேள்வி. எழுத்து ஓடியது: ‘மாசுற்ற மண். பயிரிடத் தகாது.’

அவள் மறைக்கவில்லை. கிழங்கில் வராத பிடிவாதமான மிச்சம் கொஞ்சம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைக் குறைத்தால்தான் பாகு. வலை தேடியிருக்கிறது. நிலத்துக்குள் வந்து நின்று, திரும்பி வெளியே போகிற பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வெறுங்கால். கரையாத உலோகத்தைக் கரைத்து அதில் ஏற்றி அனுப்பிவிட்டது. ஊர்ச்சனம் தினமும் வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. இதையெல்லாம் அவரிடம் நிதானமாகச் சொல்லி முடித்தாள்.

தனகோட்டி தன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப மண்ணு சுத்தமில்லியா?”

“மண்ணு சுத்தம்தாங்க ஐயா. மண்ணுல இருந்தது இப்ப உங்க எலும்புல இருக்கு. நான் மண்ணை மட்டும்தான் கேட்டேன். மனுசங்களைக் கேக்கல.”

அவர் நம்பவில்லை. தேய்ந்த காலில் எதை வைத்தாலும் கருவி அப்படித்தான் சொல்லும் என்றார். நம்ப வைப்பதற்காக எஸ்தர் பூட்ஸைக் கழற்றினாள். ஒருநாளும் வெறுங்காலோடு இந்த வயலில் இறங்காத தன் கால் என்ன சொல்கிறது பாருங்கள் என்று குதிகாலில் கருவியை வைத்தாள்.

‘மாசுற்ற மண். பயிரிடத் தகாது.’

இரண்டு பேரும் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முதல் வேர்வலையை அவள் இறக்கியது ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில். அப்பாவைப் புதைத்திருந்த மண் அது, அது நஞ்சாகக் கிடப்பது பொறுக்காமல்தான் இந்த ஆராய்ச்சிக்கே வந்தாள். ஞாயிறுதோறும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அப்பாவின் தலைமாட்டில் நிற்பாள். அங்கேயும் சில்லென்றுதான் இருக்கும். அப்பா பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லி அழுததுகூட உண்டு.

“இதை எறக்க வழி இருக்குதா?” என்று கேட்டார் தனகோட்டி.

இருந்தது. கருவியை மண்ணுக்குப் பதிலாகக் காலைக் கேட்கும்படி மாற்ற வேண்டும். கால் சுத்தமானால் பாகு என்று பழக்கினால், வலை வந்த வழியே எல்லாவற்றையும் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

“இழுத்து எங்க வெக்கும்?”

“மண்ணுலதான். கிழங்குல ஏறாது. மறுபடி எடுக்கவும் முடியாது.”

அவர் வயல் பக்கம் திரும்பினார். வெயிலில் வயல் பளிச்சென்று கிடந்தது. பார்க்கப்போனால் அத்தனை சுத்தமான மண் அந்த ஆற்றங்கரையில் வேறெங்கும் இல்லை. எஸ்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். இன்னும் சில வருசத்தில் எலும்பு பொடியும், சிறுநீரகம் கெடும் என்று ஒளிக்காமல் சொன்னாள். ஊரைக் கூட்டி இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றாள்.

“சொல்லு. சின்னப் பசங்க எறங்க வேணாம், செருப்பு போட்டுக்கட்டும். இழுக்கணும்னா அவங்கவங்க நெலத்துல இழுத்துக்கட்டும். யாரு ஒத்துக்கிறான்னு பாப்போம்.” தனகோட்டி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “என்னுது எங்கிட்டயே இருக்கட்டும். எங்கப்பன் ஒரு பிடி நெல்லு வெதைக்காமயே போய்ச் சேந்தான். நான் வெதைச்சுட்டுப் போறேன்.”

வயலுக்குள் இறங்கினார். அடிகள் தயாராக இருந்தன. நடுவயலில் குடுவையிலிருந்து ஒரு சொட்டுப் பாகு விழுந்தது. நாலடி போனவர் எதையோ மறந்தவர்போல நின்று திரும்பினார்.

“ஒண்ணு மட்டும் எம்பொண்ணுகிட்ட சொல்லி வெச்சிடும்மா. நான் செத்தா இந்த ஊர் மண்ணுல பொதைக்க வேணாம். எலும்புல இருக்கறது திரும்ப இதுக்குள்ளயே எறங்கிடும்.” கொஞ்சம் யோசித்தார். “உங்காளுங்களும் பொதைக்கறவங்கதானே டாக்டரம்மா. உனக்கு எடம் இருக்குதா?”

எஸ்தருக்கு இருந்தது. அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஓரிடம் விட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கரையிலேயே அவள் முதன்முதலாகச் சுத்தம் செய்த மண் அதுதான்.