டிரஃபால்கர், ஆறடிக்கு நாலடி

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. வங்கக் கடலில் உருவான புயல் அன்று இலங்கையின் கிழக்குக் கரையை நெருங்கியது.

சங்கரன்கோவிலில் சாயங்காலம் காற்று மட்டும் அடித்தது. சினிமா பேனர் எழுதும் துரைப்பாண்டி, வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், ஆறடிக்கு நாலடித் துணிப்படத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, உதட்டில் வைத்த பீடியைப் பற்றவைக்காமல் நின்றார்.

ஆயில் மில் பொன்னுச்சாமி புது வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்காகக் கேட்ட படம் அது. கொழும்பிலிருந்து வந்த பழைய காலண்டரில் இருந்த டிரஃபால்கர் கடற்போர். பாய் கிழிந்த கப்பல்கள், புகை, முன்னால் ஆள் நிறைந்த ஒரு படகு, அதை நோக்கிக் கை நீட்டியபடி முங்கிக்கொண்டிருக்கும் ஒரு மாலுமி. “எனக்குக் கடல் வேணும்வே. கண்மாயை வரைஞ்சு தந்துராதேயும்” என்று மில்காரர் சிரித்திருந்தார்.

காலண்டரில் பென்சிலால் கட்டம், துணியில் சாக்பீஸால் அதே கட்டம் பெரிதாக. ஒவ்வொரு கட்டமாக எடுத்து வைப்பதுதான் வேலை. சிக்கலான இடம் வந்தால் துரைப்பாண்டி இரண்டையும் தலைகீழாகத் திருப்பிவிடுவார். மூக்கு என்று தெரிந்துவிட்டால் கை தனக்குப் பழகிய மூக்கைப் போட்டுவிடும். தலைகீழாக இருந்தால் வெறும் வளைவும் நிழலும்தான். முங்குகிற மாலுமியை அப்படித்தான் எழுதினார். காலண்டரில் அவன் முகம் சுண்டுவிரல் நகமளவு தீற்றல். அதில் முகமே கிடையாது.

நிமிர்த்தியபோது அது சண்முகையா.

அவருடைய ஒரே மகன். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போகும் தோணியில் வேலை. திங்கட்கிழமை புறப்பட்டிருந்தான்.

காப்பி கொண்டுவந்த முத்துத்தாய் படத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“இது நம்ம பையன்லா.”

“எல்லா முகமும் தூரத்துல அப்படித்தான் தெரியும்ட்டி.”

“தாடைத் தழும்புமா?”

டீக்கடை ரேடியோவில் புயல் செய்தி போய்க்கொண்டிருந்தது. முத்துத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கோமதி அம்மன் சன்னதிக்கு ஓடினாள்.

கொட்டகையில் டர்பன்டைன் வாடை எப்போதும் இருப்பதுதான். அதற்கடியில் இன்னொரு வாடை, கருவாட்டுக் கூடையைக் கழுவிக் கவிழ்த்த இடத்தில் வருகிற மாதிரி, உப்பும் அழுகலும் கலந்து மெல்ல ஏறிவந்தது. காற்று நின்ற பிறகும் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, எதுவோ பின்னாலிருந்து சாய்கிற மாதிரி, புடைத்துப் புடைத்துத் தாழ்ந்தது. அவர் எழுதியபோது தண்ணீர் மகனின் தாடைக்குக் கீழே இருந்தது. சாக்பீஸ் கோடு அங்கேதான் போகிறது.

இப்போது உதட்டில் இருந்தது.

தொட்டுப் பார்த்தார். பெயின்ட் காய்ந்திருந்தது.

கரண்ட் போனது. அரிக்கேன் விளக்கைப் பற்றவைத்துத் திரும்புவதற்குள் தண்ணீர் மூக்குக்கு வந்துவிட்டது.

யோசிக்கவில்லை. படகில் தூக்கிப் போட வேண்டும். படகில் இடமில்லை. ஓரத்தில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான், முகமில்லாத ஆள். அவனைக் கத்தியால் சுரண்டினார். அந்த இடத்தில் மகனை உட்காரவைத்தார். தோள், தலை, தழும்பு. கண்ணைக் கடைசியாகத் திறந்தார். பழைய இடத்தில் நீலத்தை அப்பினார். தூரிகையைக் கீழே வைத்தபோது துணி அசையாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூத்துக்குடி பஸ்ஸில் சண்முகையா வந்து இறங்கினான். முத்துத்தாய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

“தோணி உடைஞ்சு போச்சுப்பா. சின்ன வள்ளத்துல எல்லாரும் ஏறிட்டாங்க, எனக்கு இடமில்ல. தண்ணிக்குள்ளதான் கிடந்தேன். மூக்கு வரைக்கும் முங்கிட்டேன். அப்பம்தான் தாவீது வெளிய விழுந்தான்.”

“எந்தத் தாவீது?” என்றாள் முத்துத்தாய்.

“ஆடித்தபசுக்கு நம்ம வீட்டுக்கு வந்தாம்லாம்மா. உன் ரசத்தைக் குடிச்சுட்டு, இன்னும் ஊத்துங்கன்னு கேட்டானே. யாருமே அவனைத் தள்ளல. அவன் இடத்துல என்னையத் தூக்கிப் போட்டாங்க.”

துரைப்பாண்டி பக்கத்தில் வந்து குனிந்தார். “அவன் எங்கன உக்காந்திருந்தான்?”

“ஓரத்துல. முதுகைக் காட்டிக்கிட்டு.” சண்முகையா தட்டைத் தள்ளினான். “விழுந்தவன் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டான்ப்பா. முகம் உள்ள போன பொறவும் கையை விடல.”

துரைப்பாண்டி கொட்டகைக்குப் போனார். ஆளைச் சுரண்டியது ஞாபகம் இருந்தது. கையைச் சுரண்டியது ஞாபகம் இல்லை. படகு விளிம்பில் நான்கு விரல்கள் இருந்தன. அவர் எழுதிய விரல்கள் அல்ல. நகம் வெளுத்து, தோல் சுருங்கி.

சுரண்டினார். மரநிறத்தைப் பூசினார். மறுநாள் விடியும்போது விரல்கள் இருந்தன. மணிக்கட்டும் வந்திருந்தது.

மறுபடி சுரண்டினார். மறுபடி.

புதன்கிழமை முத்துத்தாய் துவைக்க எடுத்த சட்டையை முகர்ந்து பார்த்தாள். “ஏலே, இடது தோள்ல என்ன ஈரம்? உப்புப் பூத்திருக்கு.”

“தெரியலம்மா. அந்த இடம் மட்டும் குளிருது.”

துரைப்பாண்டி ஓடினார். விளிம்பில் கை இல்லை. படகுக்குள் இருந்தது. மகனின் இடது தோளில். பின்னால், விளிம்புக்கு மேல், ஈர முடி.

கத்தியை எடுத்தார். விரலுக்கும் தோளுக்கும் நடுவே கோடு இல்லை. பெயின்ட் ஒன்றோடொன்று ஓடிப்போயிருந்தது. நுனியை மெல்ல வைத்தார். லேசாகத்தான் அழுத்தினார்.

வீட்டுக்குள் சண்முகையா அலறினான்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதன் நுனி சிவந்திருந்தது. அந்தப் பக்கத்தில் அவர் சிவப்பே தொட்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மில்லிலிருந்து ஆட்கள் மாட்டுவண்டியோடு வந்து படத்தை எடுத்துப்போனார்கள். கடல் நன்றாக வந்திருப்பதாகப் பொன்னுச்சாமி சொல்லியனுப்பினார். படம் வண்டியில் ஏறும்போது அந்தக் கை மகனின் கழுத்தில் இருந்தது.