அப்பா துப்பிய தேத்தண்ணி

தேநீரைத் துப்புவதற்குச் சம்பளம் கொடுப்பார்களா? கொடுப்பார்களே! பூரணியின் அப்பா நல்லமுத்துவுக்குக் கல்கத்தாவில், ஒரு பெரிய தேயிலைக் கம்பனியில், அதுதான் வேலை. நீள மேசையில் வரிசையாகக் கோப்பைகள் இருக்கும். ஒரு கரண்டி எடுத்து 'ஸ்ஸ்ஸுர்ர்' என்று உறிஞ்சுவார். நாக்கில் உருட்டுவார். பக்கத்துப் பாத்திரத்தில் துப்பிவிட்டு, தேயிலை நல்லதா மட்டமா என்று சொல்வார். அதற்குக் கை நிறையச் சம்பளம், பங்களா, கார்!

பூரணியும் அம்மாவும் மட்டும் இலங்கையில் இருந்தார்கள். அம்மா அழகம்மா, பொகவந்தலாவையில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். தேயிலைத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசி வீட்டில் குடியிருந்தார்கள். அப்பா வருடத்துக்கு ஒரு தடவை வருவார். பூரணி கூச்சம் விட்டுப் பேசத் தொடங்குவதற்குள் புறப்பட்டுவிடுவார். இந்தத் தடவை அப்படி இல்லை. வேலையையே விட்டுவிட்டு, இங்கேயே தங்க அனுமதியும் வாங்கிக்கொண்டு, தனுஷ்கோடியில் கப்பலேறி வந்துவிட்டார். பூரணிக்குத் தலைகால் புரியவில்லை.

வந்த மறுநாளே பக்கத்து வீட்டு ராக்காயி அத்தை அப்பாவைக் கூப்பிட்டாள். அத்தை கொழுந்து பறிப்பவள். அவள் வீட்டில் எப்போதும் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பால் இல்லாத வெறும் சாயத் தண்ணி குடிப்பதுதான். அன்றைக்கு விருந்தாளிக்காக மேல் லயத்தில் பால் வாங்கி வந்து தேத்தண்ணி போட்டாள்.

அப்பா தம்ளரை வாங்கினார். ஸ்ஸ்ஸுர்ர்! நாக்கில் உருட்டினார். திரும்பி வாசலில் துப்பிவிட்டார்!

ஐயையோ! அத்தையின் முகம் சுண்டிப்போனது.

"பழக்கதோஷம்ங்க... மன்னிச்சிருங்க!" என்று அப்பா பதறினார். அத்தை உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடத்தை நிரப்பப் போன பூரணியைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அத்தையின் மகன் சோலைமலை முறைத்தான்.

"ஒங்கப்பா பெரிய தொரையா? எங்க வீட்டுத் தேத்தண்ணி அவரு வாய்க்கு ஆகாதா?"

பூரணி வீட்டுக்கு வந்தால், அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நான் வந்து ஒங்க ரெண்டு பேருக்கும் கெட்ட பேருதான், அழகம்மா. எப்ப வேணும்னாலும் திரும்பி வான்னு கம்பனில சொல்லித்தான் அனுப்பினாங்க. போயிரட்டுமா?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூரணி குடத்தை ணங்கென்று இறக்கினாள்.

"யாரும் எங்கயும் போக வேணாம்! அப்பா, நீங்க முழுங்கக் கத்துக்கணும். அவ்வளவுதான்!"

"முழுங்கினா ருசி பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா."

"அத்தை ஒங்ககிட்ட ருசியா கேட்டாங்க? குடிங்கன்னுதானே குடுத்தாங்க!"

அப்பா மகளையே பார்த்தார். "அட, ஆமா" என்றார் மெதுவாக.

அம்மா கேத்தலை அடுப்பில் வைத்தாள். பாடம் தொடங்கியது. அப்பா உறிஞ்சியதும் கழுத்து தானாக வாசல் பக்கம் திரும்பியது.

"அப்பா!"

மடக்! விழுங்கியதில் அவருக்குப் புரையேறியது. அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்றாவது தம்ளரில் ஒரு வழியாகத் தேறிவிட்டார்.

சாயங்காலம் பூரணி அப்பாவின் கையைப் பிடித்து அத்தை வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

"அத்தை, கம்பனில எங்கப்பாவுக்குத் துப்புறதுதான் வேலை. அதுக்குக் காரெல்லாம் குடுத்தாங்க!"

"அடி ஆத்தி! துப்புறதுக்குக் காரா?" அத்தை மோவாயில் கை வைத்தாள். "அம்புட்டையும் விட்டுட்டா இங்க வந்தாரு?"

அப்பா தலை குனிந்தார். "அங்க எத்தனையோ கோப்பை ருசி பாத்தேங்க. எனக்குன்னு ஒருத்தரும் போட்டுக் குடுத்ததில்ல. நீங்க குடுத்தீங்க. அதைப் போயித் துப்பிட்டேன்."

அத்தை உள்ளே போனாள். இப்போது பால் இல்லை. சாயத் தண்ணியும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டு வந்து நீட்டினாள். சோலைமலை அப்பாவின் வாயையே உற்றுப் பார்த்தான். பூரணி அவர் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்ஸ்ஸுர்ர்... மடக்!

"எப்படிங்க இருக்கு?" என்றாள் அத்தை.

அப்பா ஆபீசில் இருப்பதுபோலத் தொண்டையைச் செருமினார். பூரணி நறுக்கென்று கிள்ளினாள்.

"இன்னொரு தம்ளர் கெடைக்குமாங்க?" என்றார் அப்பா.

அத்தை சிரித்துவிட்டாள். சோலைமலை வாசலுக்கு ஓடிக் கத்தினான்.

"முழுங்கிட்டாரு! பூரணி அப்பா முழுங்கிட்டாரு!"

லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. "எங்க வீட்டுக்கும் வாங்க! எங்க வீட்டுக்கும்!"

"பூரணி, இந்த லயத்துல எத்தனை வீடும்மா?"

"பன்னெண்டுப்பா."

அப்பா இடுப்பு வாரைத் தளர்த்திக்கொண்டார். "வா, போவோம்!"