பென்சில் கேட்ட மூன்றாவது கேள்வி

வகுப்பில் அவளை எல்லாரும் எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் எந்த நிலையத்திலும் நிற்காமல் ஓடுகிற பேச்சு அவளுடையது. பக்கத்தில் உட்காருகிறவள் பென்சில். அவள் எந்நேரமும் எதையாவது வரைந்துகொண்டிருப்பாள். இரண்டு காதுகளிலும் சின்னக் கருவி மாட்டியிருப்பாள். இருவரும் நகமும் சதையும் போல.

மறுநாள் எக்ஸ்பிரஸ் வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும். எறும்புகள் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன என்பதுதான் தலைப்பு. புரொஜெக்டரில் வைத்துத் திரையில் காட்டக் கண்ணாடித் தாள்களில் பதினான்கு படங்கள் தயார். எல்லாவற்றையும் வரைந்து கொடுத்தது பென்சில்தான்.

அப்படிப்பட்ட பென்சில் அன்று காலையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"நாளைக்கு நீ பேசுறப்ப நான் லைப்ரரில இருக்கப் போறேன். டீச்சர்கிட்ட கேட்டுட்டேன். சரின்னுட்டாங்க."

எக்ஸ்பிரஸின் முகம் சுருங்கிப் போனது. "பதினாலு படம் வரைஞ்சு குடுத்துட்டு, பாக்க வரமாட்டேன்னா என்னடி அர்த்தம்? என்மேல ஏதாச்சும் கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. படம் போடறதுக்கு விளக்கை அணைப்பாங்கல்ல? இருட்டுல உன் வாய் எனக்குத் தெரியாது. இந்தக் கருவி சத்தத்தைப் பெருசாக்கும், அவ்வளவுதான். வார்த்தையப் பாதி உதட்டைப் பாத்துத்தான் பிடிப்பேன். போன வாரம் ரெண்டு பேர் பேசினாங்களே, எல்லாரும் சிரிச்சப்ப நானும் சிரிச்சேன். எதுக்குன்னே தெரியாது."

எக்ஸ்பிரஸ் நினைத்துப் பார்த்தாள். போன வாரம் இவளுக்குப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தோம்? விலா நோகச் சிரித்தோமே, ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தோமா? அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"மதியம் சாப்பிட்டதும் கிளாஸ்ல இரு. உனக்கு மட்டும் பேசிக் காட்டறேன்."

சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு காலியாக இருந்தது. எக்ஸ்பிரஸ் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, ஊருக்கே கேட்கும்படி கத்தத் தொடங்கினாள்.

"எறும்புகள்! ஒன்றன்பின்! ஒன்றாக!"

பென்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கத்தாதே! கத்தினா உன் வாய் கோணிக்குது. பல்வலிக்காரங்க மாதிரி இருக்கு!"

சரி, கத்த வேண்டாம். எக்ஸ்பிரஸ் விளக்கை எரியவிட்டுப் பார்த்தாள். இப்போது வாய் தெரிந்தது. ஆனால் திரையில் எறும்புகளைக் காணோம்! மெல்லிய கோட்டில் வரைந்த படங்கள் வெளிச்சத்தில் வெளிறிப் போயிருந்தன.

விளக்கை அணைத்து, ஒரே ஒரு ஜன்னலின் திரைச்சீலையை விலக்கினாள். அதற்கு முன்னால் போய் நின்றாள். பென்சில் தலையை ஆட்டினாள்.

"ஜன்னல் உன் முதுகுக்குப் பின்னால இருக்கு. முகம் கரிச்சட்டி மாதிரி தெரியுது. எதிர்ப்பக்கம் நில்லு."

எக்ஸ்பிரஸ் எதிர்ப்பக்கம் போனாள். வெளிச்சம் நேராக அவள் முகத்தில் விழுந்தது. திரையும் ஓரளவு இருட்டாக இருந்தது.

"இப்ப தெரியுது!" என்றாள் பென்சில். "ஆனா படத்தைக் காட்டறப்ப திரும்பி நின்னு பேசாதே. உன் பின்னந்தலைக்கு உதடு கிடையாது. காட்டு, அப்புறம் என்னைப் பாத்துப் பேசு. மெதுவா!"

மெதுவாகவா? எக்ஸ்பிரஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். நாளைக்குப் பேச ஆறு நிமிடம்தான்; அது முடிந்ததும் டீச்சர் மணி அடித்துவிடுவார். அந்த வேகத்தில் போனால் ஏழாவது படத்தைத் தாண்ட முடியாது.

அவள் படங்களைப் பெஞ்சில் பரப்பினாள். ராணி எறும்புக்குக் கிரீடம் வைத்த படம் அவளுக்கு உயிர். அதற்கு ஒரு ஜோக்கும் வைத்திருந்தாள். பெருமூச்சு விட்டபடி அதை எடுத்து ஓரமாக வைத்தாள். இன்னும் ஏழு படங்கள் அதன்மேல் போய்ச் சேர்ந்தன. மிச்சம் ஆறு. பென்சில் அந்த ஆறிலும் கோடுகளைத் தடிமனான கறுப்பு மையால் இழுத்தாள். எக்ஸ்பிரஸ் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி கொட்டை எழுத்தில் எழுதினாள்.

"நாளைக்கு வருவியா?"

"பாக்கலாம்" என்றாள் பென்சில்.

மறுநாள் எக்ஸ்பிரஸ் டீச்சரிடம் போய், "அந்த ஒரு திரைச்சீலைய மட்டும் திறந்து வைக்கலாமா டீச்சர்? என் முகம் பென்சிலுக்குத் தெரியணும்" என்று கேட்டாள். டீச்சர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். "இது எனக்குத் தோணாமப் போச்சேம்மா" என்று அவரே போய் விலக்கிவிட்டார்.

பென்சில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். லைப்ரரிக்குப் போகும் அனுமதிச் சீட்டும் கையில் இருந்தது.

எக்ஸ்பிரஸ் முதல் படத்தைக் காட்டினாள். திரும்பினாள். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு நிலையத்திலும் நின்று பேசினாள். "எறும்பு நடக்கும்போது தரையில் ஒரு வாசனையை விட்டுச் செல்கிறது. பின்னால் வரும் எறும்பு அதைப் பிடித்துக்கொண்டே போகிறது."

கடைசி வரிசைக் குண்டுப் பையனும், "அட, எனக்குக்கூட புரியுதே!" என்றான்.

ஆறாவது படத்தோடு மணியும் அடித்தது. கேள்வி கேட்கும் நேரம். முதலில் கை தூக்கியது பென்சில்.

"எறும்புக்கு மூக்கே இல்லையே, எதால மோந்து பாக்கும்?"

"தலையில இருக்கிற உணர்கொம்பால!"

"எதிரெதிரா ரெண்டு எறும்பு வந்தா முட்டிக்காதா?"

"கொம்பால தொட்டுப் பாத்துட்டு ஒதுங்கிப் போயிடும்!"

பென்சில் விடவில்லை. மறுபடியும் கை தூக்கினாள். "வெளியே போன எறும்பு திரும்பறதுக்குள்ள மழை பேஞ்சு வாசனை அழிஞ்சிட்டா, அது எப்படி வீட்டுக்கு வரும்?"

எக்ஸ்பிரஸ் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. யோசித்தாள். அப்போதும் ஒன்றும் வரவில்லை. சொன்னதில் ஒரு வார்த்தைகூட விடாமல் கேட்டவளால்தானே இப்படி மடக்க முடியும்! நேற்றுக் காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அந்த நிமிடம் இறங்கியது.

"தெரியலையே!" என்று கத்தினாள், காது வரைக்கும் வாய் விரிய.

பதில் தெரியாமல் விழித்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை அந்த வகுப்பு அதுவரை பார்த்ததே இல்லை.