பழகின கை

சல்லடை ஒரு தடவை கூடுதலாக ஆடியது.

சங்கிலிமுத்து அதை மெல்லக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தான். காலை ஆறரை. வெயில் ஏறுவதற்குள் மருந்தைக் கலந்து முடிக்க வேண்டும் என்பதால் அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு முதலில் வருகிற ஆள் அவன்தான். அரைஞாணில்கூட இரும்பில்லாமல், காலில் செருப்பில்லாமல், உடம்பு மின்சாரம் இறங்க வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வந்து, கந்தகம் தொண்டையில் இறங்க, வெடியுப்பும் அலுமினியத் தூளும் ஒரே சாம்பல் நிறமாகிக் கீழே விழுவதைப் பதினேழு வருசமாகப் பார்க்கிறான். சத்தம் எப்போதும் ஒரே அளவில் போகும். சரக், சரக், சரக்.

இப்போது, சரக், சரக், சரசரக்.

அந்தக் கடைசி உதறலை அவன் உதறவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், அவனுக்குப் பின்னால் வந்த நாலு பெண்கள் குழாயில் மருந்து அடைக்கிறார்கள். அவன் மனைவி முருகம்மாள் அதில் ஒருத்தி.

இந்தச் சத்தத்தை முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறான். அவனுக்கு அப்போது இருபது வயது. அப்பா கருப்பணன் இதே வேலையில் இருந்தார். கடைசி ஒரு வருசம் அவருக்குத் தோளும் விரலும் தானாக ஆடின. குடி என்றார்கள் சிலர், சாமி என்றார்கள் சிலர், வேப்பிலையால் அடித்துப் பார்த்தார்கள். அன்றைக்குச் சங்கிலிமுத்து களத்தில் வெடி காயப்போட்டுக்கொண்டிருந்தான். சரக், சரக், சரசரக். நிமிர்ந்தான். அறை இல்லை. பின்னாளில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்ற பிறகு அந்த வெடி விபத்தின் விசாரணைத் தாளை எடுத்து வாசித்தான். காரணம் என்ற இடத்தில் ஒரே சொல். உராய்வு.

போன மாதம் தூக்கத்தில் கால் துடிக்கிறதென்று மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனான். ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினார்கள். போன வாரம் டாக்டரம்மா தாளில் கோடு போட்டுச் சொன்னார். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் இருபத்து மூன்று ஜோடி குரோமோசோம். நாலாவது ஜோடியில் ஒரு ஜீன். அதில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று மற்றவர்களுக்கு இருபது தடவைக்குப் பக்கம் வரும். அவனுக்கு நாற்பத்தாறு தடவை வருகிறது. அப்பாவிடமிருந்து வந்தது. பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் வரச் சரிபாதி வாய்ப்பு. "கை ஆட இன்னும் நாளாகலாம், சீக்கிரமும் வரலாம். மருந்து கிடையாது. உங்க தம்பியையும் கூட்டிட்டு வாங்க."

சொல்லிவிடத்தான் ஞாயிற்றுக்கிழமை தம்பி பாலகுருவைச் சாப்பிடக் கூப்பிட்டான். பாலகுரு குழம்பைப் பனியனில் சிந்திக்கொண்டான்.

"கொழுந்தனாருக்கு வாயி எங்கன இருக்குன்னு தெரியல!" என்றாள் முருகம்மாள்.

"ஒங்க குழம்பு வாயிக்கு வர மாட்டேங்குது மதினி, நான் என்ன செய்ய?"

எல்லோரும் சிரித்தார்கள். சங்கிலிமுத்துவும் சிரித்தான். சொல்லவில்லை.

இப்போது எழுந்து நேராக ஃபோர்மேன் நல்லசிவத்திடம் போனான்.

"அண்ணாச்சி, இனிமே நான் மருந்து ரூமுக்குப் போகல. வேற வேலை குடுங்க."

"என்னலே, தீவாளி ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. இப்பப் போயி புதுமாப்பிள்ளை கணக்கா முறுக்குத?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. வீட்டில் மகள் ஓவியாவுக்குப் பதினாறு வயது. ஆட்டக்காரக் குடும்பம் என்று ஒரு பேர் விழுந்துவிட்டால் அவளை யார் கட்டுவார்கள்?

"கண்ணு மங்குது அண்ணாச்சி."

"அப்ப உள்ள இருக்கப்படாது. போயி லேபிள் ஒட்டு."

லேபிள் ஷெட் கடைசியில், வேலியோரம் இருந்தது. பசை வாசனையும், காகிதக் கட்டு அவிழும் சத்தமும், தகரக் கூரை சூடேறி முனகுவதும் அவனுக்குப் பிடித்திருந்தன. இனி இந்தக் கை யாரையும் கொல்லாது. பசை உள்ளங்கையில் குளிர்ந்தது. பல நாளைக்குப் பிறகு மூச்சு வயிறுவரை போய் வந்தது.

சரக், சரக், சரக்.

நல்லசிவம் அந்தப் பக்கம் வந்தார்.

"மருந்து ரூமுக்குள்ள யாரு அண்ணாச்சி?"

"வேற யாரு? ஒன் தம்பிதான், பாக்கெட் கட்டுற எடத்துல இருந்து கூப்பிட்டேன். கண்டவனையும் அங்க விட முடியுமா? ஒங்க அப்பன் இருபது வருசம் பிசகில்லாம கலந்தவரு. அன்னைக்கு நேரம் சரியில்ல. பெறகு நீ. ஒரே ரத்தம்லே. பழகின கை."

ஞாயிற்றுக்கிழமை. குழம்பு. பனியன்.

அவன் நடந்தான். ஓடக் கூடாது, காலடியில் சரளை. கத்தக் கூடாது. கத்தினால் திடுக்கிடுவான். திடுக்கிட்டால் கை.

சரக், சரக்.

நாற்பது அடி. சுவருக்கு அந்தப் பக்கம் முருகம்மாள் யாரையோ கேலி பேசுகிற சத்தம். இருபது அடி. கந்தக நெடி. வாசல்.

சரக். சரக். சரசரக்.

செம்புத் தகட்டில் வலது கையை ஊன்றினான். தம்பியின் முதுகு தெரிந்தது. முன்னால் சாம்பல் நிறக் குவியல்.

"பாலகுரு." மூச்சுக் காற்றாகத்தான் சொன்னான். "சல்லடைய விடு. கைய மெல்ல எடு."

தம்பி தலையை மட்டும் திருப்பினான். முகத்தில் அதே சிரிப்பு.

"எடுத்துட்டேனேண்ணே."

சல்லடை அவன் கையில்தான் இருந்தது. ஆடிக்கொண்டிருந்தது. சரக். சரசரக். அவன் அதைப் பார்க்கவில்லை. அண்ணனையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

செம்புத் தகட்டிலும் ஒரு சத்தம். சங்கிலிமுத்து குனிந்து பார்த்தான். தகட்டில் ஊன்றிய அவன் விரல்கள், தம்பியின் சல்லடைக்கு அளவு பிசகாமல், தட்டிக்கொண்டிருந்தன.