நாற்பத்தேழு வயசுப் படபடப்பு

"யோவ், நிறுத்துய்யா... வண்டிய நிறுத்து."

பாடி மேம்பாலத்து உச்சியில், காலை எட்டு மணி லாரி நெரிசலில், எந்த ஷேர் ஆட்டோக்காரன் நிறுத்துவான்? இவனும் நிறுத்தவில்லை. கண்ணாடியில் பார்த்து, "பின்னாடி டிரெய்லர் வர்றான். நின்னா நம்மள தோசையா ஊத்திடுவான். கம்முனு குந்தும்மா" என்றான்.

பூங்காவனத்துக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. நெஞ்சுக்குள் யாரோ சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு முட்டியது. இதோ, இப்போதே செத்துவிடுவோம்... அப்படித்தான் இருந்தது. ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள்.

பிரேக் போட்ட போட்டில் ஏழு பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் சரிந்தார்கள். ஆட்டோக்காரன் குதித்து இறங்கி வந்து, சாகணும்னா சொந்தமாக ஒரு வண்டி வாங்கி அதிலிருந்து குதி என்று வாய்க்கு வந்தபடி ஏசினான். பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் முகத்தைப் பார்த்ததும் ஏச்சு பாதியில் நின்றது. அவள் முகம் முழுக்க வேர்வை. ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, அவள் குடித்து முடிக்கிறவரை அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

திரும்பி நின்றானே... அதுதான் அவள் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவன் பெயர் கோதண்டம். வயசு ஐம்பது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். இதெல்லாம் அடுத்தடுத்த நாட்களில் சிக்னலுக்குச் சிக்னல் தெரிந்துகொண்டது. அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வார்ப்பு இரும்புக்குப் பிசிறு தேய்க்கிறவள். இருபத்திரண்டு வருஷமாக அரம் பிடித்த கை. நாற்பது கிலோ தட்டை இடுப்பில் ஏந்தி நடந்த உடம்பு, காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத உடம்பு, இப்போது காரணமே இல்லாமல் நடுங்குகிறது, தீப்பிடித்த மாதிரி கொதிக்கிறது, தூங்கவிடாமல் புரட்டுகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? புருஷனை இழந்து எட்டு வருஷம் தலைநிமிர்ந்து ஓட்டியவள். வேலப்பன்சாவடி காலேஜில் கடைசி வருஷம் படிக்கிற மகள் நிவேதிதாவுக்கு வரன் வர ஆரம்பித்துவிட்டது.

அதைவிட வெட்கக்கேடு இன்னொன்று. கோதண்டத்தின் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்ணாடியில் அவன் கண் இவளைத் தேடும்... சின்னக் கண், ஓரத்தில் சுருக்கம், எப்போதும் பாதிச் சிரிப்பு. உடனே இவளுக்குத் தடதடவென்று. இது நோவா? இல்லை... அதுவா? 'நல்லா கீது நாயம். கல்யாண வயசுல பொண்ண வெச்சுகினு உனக்கு இன்னாடி கேடு' என்று தன்னையே திட்டிக்கொண்டு வெளியே பார்ப்பாள்.

ஒரு நாள் எஸ்டேட் வாசலில் இறங்கும்போதே கண் இருட்டியது. கோதண்டம் மற்றவர்களை இறக்கிவிட்டு, இவள் வேண்டாம் வேண்டாம் என்றதைக் காதில் வாங்காமல், ஒரு லேடி டாக்டரின் கிளினிக்குக் கூட்டிப் போனான். கூடம் நிறைய வயிறு தள்ளிய சின்னப் பெண்கள். நடுவில் இவள், கிரீஸ் படிந்த கையை முந்தானையில் மறைத்துக்கொண்டு.

உள்ளே டாக்டர் எல்லாம் கேட்டார். நாள் ஒழுங்காக வருகிறதா என்றார். நாலு மாசமாகத் தள்ளிப்போகிறது, ஒருதரம் வந்தால் கொட்டுகிறது என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். டாக்டர் ரத்தம், தைராய்டு, ஈசிஜி என்று எழுதி, அதோடு கர்ப்பப் பரிசோதனையும் எழுதினார். புருஷன் செத்து எட்டு வருஷமாச்சும்மா என்றாள். நாள் தள்ளினால் எல்லாருக்கும் பார்ப்பதுதான் என்றார் டாக்டர், நிமிராமலே.

வெளியே வந்து உட்கார்ந்ததுதான் தாமதம். லேப் கதவைத் திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"பூங்காவனம் யாரும்மா? பிரக்னன்சி டெஸ்ட்."

கூடம் மொத்தமும் திரும்பியது. வாசலில் அவளுடைய சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற கோதண்டமும் திரும்பினான். அந்தக் கண்ணில் பாதிச் சிரிப்பு அணைந்துபோனது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பாள். பிளக்கவில்லை. எழுந்து வந்து பையைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் அவன் கூப்பிடவில்லை. கூப்பிடாதது இன்னும் சுட்டது.

மறுநாள் தனியாக வந்து எல்லா டெஸ்ட்டும் கொடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை. நெஞ்சிலும் ஒன்றுமில்லை. தீட்டு நிற்கப்போகிற வயசு, சுரப்பு ஏறி இறங்குவதால் வருகிற படபடப்பு என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சும்மாவும் சமாளிக்கலாம், காபியைக் குறை, நட, மூச்சை மெதுவாக விடு. முடியவில்லை என்றால் ஹார்மோன் மருந்து இருக்கிறது. கையில் தடவுகிற ஜெல், கர்ப்பப்பை இருப்பதால் அதைக் காக்க ஒரு மாத்திரை. அம்மா, அக்கா தங்கச்சிக்கு மார்பில் கட்டி இருந்ததா, காலில் ரத்தம் கட்டியதுண்டா என்றெல்லாம் கேட்டு, பிரஷர் பார்த்து, மார்பையும் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உனக்குக் கொடுக்கலாம், ஆனால் முடிவு உன்னுடையது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்கிற பஞ்சவர்ணத்திடம், அத்தை மகளுக்கு எழுதியிருக்கிறார்கள் என்று பொய் சொல்லிக் கேட்டாள். அதெல்லாம் சாப்பிட்டால் கேன்சர் வரும்டி என்றாள் பஞ்சவர்ணம். அதை டாக்டரிடமே போய்க் கேட்டாள். உனக்கு அந்த ஆபத்து குறைவு, வருஷா வருஷம் பார்த்துக்கொள்வோம் என்றார். அந்தப் பயம் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் சீட்டு ரெண்டு வாரமாகப் பர்சிலேயே கிடந்தது. வேறு ஏதோ ஒன்று கையைப் பிடித்தது. அது என்னவென்று அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

ஷேர் ஆட்டோ பக்கமே போகவில்லை. பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போய் வந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் ஷிப்ட் முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாப் கூரையில் தகரத்தை அள்ளிக் கொட்டுகிற சத்தம். ரோட்டில் இரும்புத்தூள் கலந்த செந்தண்ணீர் ஓடியது. இவள் மட்டும் ஒதுங்கி நின்றாள். எதிரே அவன் வண்டி வந்து நின்றது... காலி வண்டி. கோதண்டம் நனைந்துகொண்டே வந்து, நாலடி தள்ளி நின்றான். கண்ணில் பாதிச் சிரிப்பு இல்லை. ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்தவன் மாதிரி இருந்தான்.

"அன்னிக்கி அந்தப் பொண்ணு கூப்ட்டத நானும் கேட்டேன்" என்றான். "யாருன்னு கேக்க வரல. அது எனுக்குத் தேவையும் இல்ல. உன் பொண்ணுக்கு வரன் பாக்கற நேரம்... ஒரு பேச்சு வரக்கூடாது. யார்னா கேட்டா என் பேரச் சொல்லிடு. நாள் பாத்துத் தாலி கட்டிடறேன். புள்ளைக்கும் என் பேரே இருந்துட்டுப் போட்டும்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அடிவயிற்றிலிருந்து நெருப்பு ஏறி முகத்தில் வந்து நின்றது. மழைக் குளிரிலும் வேர்த்தது. இப்படியா நினைத்தான்? ரெண்டு வாரம், இப்படி நினைத்துக்கொண்டா இருந்தான்? நினைத்துக்கொண்டேவா... இதைச் சொல்ல வந்திருக்கிறான்?

"எட்டு வருசமா எவன் நெழலும் எம்மேல பட்டதில்லய்யா" என்றாள். புள்ளத்தாச்சி என்று அவன் நினைத்தபோதுகூட இவ்வளவு கூசவில்லை. இனிமேல் சொல்லவேண்டியது அதைவிடக் கூசியது. ஒரு ஆம்பிளையிடம், அதுவும் இந்த ஆம்பிளையிடம்... "புள்ளயெல்லாம் இல்ல. நிக்கப் போவுது. எல்லாம் நிக்கப் போற வயசு எனுக்கு. அதுக்குத்தான் நெஞ்சு அடிச்சிக்கினு, வேத்துக்கினு... கெழவியாவப் போறேன், போதுமா?"

கோதண்டத்துக்குக் காது மடல் சிவந்தது. ஐம்பது வயசு ஆள், தப்புக் கணக்கு எழுதி மாட்டிக்கொண்ட பையன் மாதிரி ஈரத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். துண்டுக்குள்ளிருந்தே கேட்டான்.

"அப்ப... நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கணுமா?"

ஒரு பஸ் வந்து நின்றது. அவளுடைய பஸ்தான். கண்டக்டர் விசிலடித்தான். அவள் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

"புள்ளய மட்டும் வாபஸ் வாங்கிக்க" என்றாள் பூங்காவனம்.

துண்டு மெதுவாக இறங்கியது. அந்தச் சின்னக் கண்ணைப் பார்க்கவே முடியவில்லை அவளால். இத்தனை நாள் தனக்கே சொல்லாததை, எதிரே ஓடுகிற செந்தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். "மருந்து எய்தித் தந்து கீறாங்க. தடவுனா இந்தப் படபடப்பு அடங்கிடுமாம். எனுக்கு எந்தப் படபடப்பு எதுன்னே தெரீல. உன் வண்டி வர்றப்போ அடிக்கறதும்... அதோட சேந்து போயிடுமோன்னு பயந்துகினு ரெண்டு வாரமா வாங்காம வெச்சிகினு கீறேன்."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சொன்னது தான்தானா என்று அவளுக்கே நம்பிக்கையில்லை.

அவன் ஒரு அடி கிட்டே வந்தான். அதற்கு மேல் வரவில்லை.

"மொதல்ல மருந்த வாங்கு, பூங்காவனம். ஒடம்பு நல்லாவட்டும்" என்றான். "அது அடங்குனா அடங்கட்டும். மறுபடியும் அடிக்க வெக்கிறது என் பாடு."