சேவல் அச்சு

ரொட்டியில் சேவல் இல்லை.

புருனா அதை ஊர்ப் பொது அடுப்புக்காரரின் பலகையிலேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் வழக்கம்போலக் கருகியிருந்தது. மேல்தோல் வெடித்து எழும்பியிருந்தது. வாசனைகூட எப்போதும் தெருக்கோடி வரை போகிற அதே வாசனைதான். யார் வீட்டு ரொட்டி என்று தெரிவதற்காக, விடியற்காலையில் மாவு உருண்டையின் நெற்றியில் அவள் தன் கையாலேயே அழுத்திய சேவல் மர அச்சின் தடத்தை மட்டும் காணோம். அந்த இடத்தில், யாரோ ஈரக் கையால் தடவி அழித்ததுபோல, ஒரு வழவழப்பு.

"நுன்சியோ மாமா, இது என் ரொட்டி இல்லை."

"உன்னுதுதான் பொண்ணே. நாப்பது வருஷமா இந்த அடுப்புக்கு முன்னாடி வேகறேன். யார் வீட்டு மாவுன்னு எனக்குத் தெரியாதா?" கிழவர் கண்ணைச் சிமிட்டினார். "அச்சு வைக்க மறந்திருப்ப. மிலான்ல இருந்து ஒருத்தி வந்து தங்கியிருக்காளாமே. உனக்கு நினைப்பெல்லாம் அங்கதானே இருக்கும்!"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆக, மத்தேரா ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது! ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு புருனா விடுவிடுவென்று படியிறங்கினாள். காது மடல் இரண்டும் எரிந்தன.

அவள் கணவன் டொனாட்டோவுக்கு ஊர் சுற்றிக் காட்டுவதுதான் பிழைப்பு. பாறைச் சரிவில் குடைந்த தங்கள் குகைவீட்டின் கீழறையை விருந்தாளிகளுக்கு விட்டுவிட்டு, அவர்களைக் கூட்டிக்கொண்டு குகைக்கோயில்களும் பள்ளத்தாக்குமாக அலைவான். ஜெர்மன்காரர்கள், கிழவிகள், புதுமணத் தம்பதிகள் என்று பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். அவள் யாரையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இந்த மிலான்காரி ஒர்னெல்லாதான் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டிவிட்டாள். வயது முப்பதுகூட இருக்காது. படியேறினால் மூச்சு வாங்காது. டொனாட்டோவின் அரதப் பழைய நகைச்சுவைக்கெல்லாம், தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டை தெரியச் சிரித்தாள். அதே நகைச்சுவைக்குப் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் தானும் அப்படித்தான் சிரித்தோம் என்பதுதான் புருனாவை அதிகம் வாட்டியது.

நேற்றுச் சாப்பாட்டின்போது நடந்ததை நினைத்தாலே நெஞ்சு காந்தியது. சுவர் ஆணியில் தொங்கிய அச்சை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே ஒர்னெல்லா கேட்டாள்.

"இதைக் குடுத்தா கல்யாணமாமே? நிஜமாவா?"

"எங்க ஊர்ல அப்படித்தான்" என்றான் டொனாட்டோ. "பையன் அச்சை நீட்டுவான். பொண்ணு அதை வாங்கி வெச்சுக்கிட்டா முடிஞ்சுது, சாகற வரைக்கும் அந்த வீட்டு ரொட்டி அவ கையிலதான். வேண்டாம்னா திருப்பிக் குடுத்துடுவா. அவன் அதை அடுப்புல போட்டு எரிச்சிடணும். ஒருத்திக்கு நீட்டினதை இன்னொருத்திக்கு நீட்டக் கூடாது."

"அய்யய்யோ, இப்ப நான் கையில வெச்சிருக்கேனே!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புருனாவும் சிரித்தாள். பல் மட்டும்தான் சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆணியைப் பார்த்தாள்.

வெறும் ஆணி. அதன் கீழே சுண்ணாம்புச் சுவரில், தரை வரைக்கும், விரலகலத்துக்கு ஓர் ஈரக் கோடு.

அவள் ஈரத்தைப் பற்றி யோசிக்கவில்லை. அவள் கண்ணுக்கு ஆணி மட்டும்தான் தெரிந்தது. கொடுத்துவிட்டான். அந்தச் சிறுக்கியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான்! காலையில் மாவில் அழுத்திவிட்டு இதே ஆணியில் மாட்டினாள். ஒன்பது மணிக்கு அவனும் அவளும் கிளம்பிப் போனார்கள். வேறு யார் இந்த வீட்டுக்குள் வந்தது?

அது ஒன்றும் கடையில் வாங்கிய அச்சும் இல்லை. கீழறைக்கு அடியில், பாறையைக் குடைந்த மழைநீர்த் தொட்டி ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு அப்படித்தான். குகைகளிலிருந்து அரசாங்கம் ஜனங்களை வெளியேற்றியபோது வாய்க்கால்களெல்லாம் தூர்ந்து, தொட்டி எழுபது வருஷமாய்க் காய்ந்து கிடக்கிறது. வாலிபத்தில் டொனாட்டோ அதைச் சுத்தம் செய்ய இறங்கியபோது, சுவர்ப் பொந்தில் ஒரு துணி மூட்டை இருந்தது. உள்ளே சேவல் அச்சு. அதைச் சுற்றி, கறுகறுவென்று, பெண்பிள்ளையின் பின்னலொன்று கட்டியிருந்தது. முடியை அவிழ்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, அச்சைக் கழுவி எடுத்துக்கொண்டு நேரே புருனாவின் வீட்டுக்கு வந்து நீட்டினான். கல்யாணத்துக்கு அப்புறம்தான் இதைச் சொன்னான். "யாரோ ஒருத்தி பத்திரமா வெச்சிருந்தது" என்று சொல்லிச் சிரித்தான். அவளுக்கும் அப்போது சிரிப்புத்தான் வந்தது.

மணி இரண்டு. ஊர் அடைத்துக்கொண்டது.

கோடையில் இந்த அடைப்பு நேரத்தில் மத்தேராவில் ஓர் ஆள் வெளியே தலைகாட்ட மாட்டான். வெயில் வெள்ளைக் கல்லில் பட்டுத் தெறிக்கும், சன்னல் கதவுகள் சாத்தியிருக்கும், பூனைகூடப் படியின் நிழலைவிட்டு நகராது. இந்த வேளையில் பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் சட்டென்று பதில் சொல்லக் கூடாது. மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் வாய் திறக்க வேண்டும். அடைப்பு நேரத்தில் அலைகிற ஒன்று உண்டு, அதற்கு இரண்டு முறைக்கு மேல் கூப்பிட வராதாம். தாய்ப்பாலோடு ஊட்டி வளர்த்த பழக்கம் அது. டொனாட்டோ வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொல்லிக் கேலி செய்வான். ஆனால் இன்றுவரை ஒரு நாள்கூட அதை மீறியதில்லை.

புருனா சமையல் மேசையில் உட்கார்ந்திருந்தாள். மொட்டை ரொட்டி எதிரே இருந்தது. அவன் வரட்டும், முதல் கேள்வியை எப்படிக் கேட்பது என்று மனத்துக்குள் நூறு விதமாய்க் கேட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அந்த வாடை வந்தது. வெயில் காய்கிற கல்லின் வாடை அல்ல. நாள்பட்ட ஈரம், பாசி, வெகுநாள் மூடியிருந்த பெட்டிக்குள்ளிருந்து எடுத்த துணி, எல்லாம் கலந்த ஒரு குளிர்ந்த வாடை, கீழறைப் படி வழியாக ஏறி வந்து அவள் கணுக்காலைத் தொட்டது. பின்னாலேயே டொனாட்டோவின் குரல்.

"மெல்ல... மெல்ல. படி வழுக்கும்."

கீழறைக்குத் தெருப் பக்கமாகத் தனிக் கதவு உண்டு. அது வழியாகத் திருட்டுத்தனமாய் வந்திருக்கிறார்கள்! தன் வீட்டுக்குள்ளேயே, தன் காலுக்கு அடியிலேயே! புருனா செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைபோல இறங்கினாள். கீழறையில் யாரும் இல்லை. மூலையில், தொட்டிக்கு இறங்கும் படிக்கட்டின் இரும்புக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே விளக்கில்லை. இருட்டில் ஏன் இறங்க வேண்டும்? ஏன் என்று அவளுக்கா தெரியாது.

"உன் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றது அவன் குரல், ஆழத்திலிருந்து. அவ்வளவு கனிவாய்.

"டொனாட்டோ!" என்றாள் புருனா.

பதில் இல்லை.

"டொனாட்டோ!"

பதில் இல்லை. அடைப்பு நேரம். இரண்டு முறைதான் ஆகியிருக்கிறது, இன்னும் ஒரு தடவை கூப்பிட்டால் கட்டாயம் பதில் சொல்வான். அது அவளுக்குத் தெரியும். மூன்றாவது முறை கூப்பிட வாயைத் திறந்தாள்.

கீழே ஒருத்தி சிரித்தாள். தொண்டை தெரியச் சிரிக்கிற சிரிப்பு.

புருனாவின் வாய் மூடிக்கொண்டது. நான் ஏன் கூப்பிட வேண்டும்? கெஞ்சவா? இருங்கடா, கிடங்க! இருட்டுதானே வேண்டும், ஆசை தீர அனுபவியுங்கள். இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளை இரண்டு கையாலும் தள்ளிப் போட்டாள். மேலே ஏறிப்போய் அடுப்படியில் நின்றாள். உடம்பெல்லாம் நடுங்கியது. அந்த நடுக்கத்தில் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

அப்போது வாசல் கதவு தட்டப்பட்டது.

ஒர்னெல்லா.

வெயிலில் மூக்கு சிவந்து, தலையில் தொப்பியோடு, தனியாக நின்றாள். கையில் கடைப் பொட்டலம்.

"பாருங்க, எனக்கே ஒரு அச்சு வாங்கிட்டேன்! ஆந்தை போட்டது. மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தா வேலைக்காகாது" என்று சிரித்தாள். சிரித்தவள் புருனாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஏங்க, டொனாட்டோ இன்னும் வரலையா?"

"உன்கூட... இல்லையா?"

"கோயில் வாசல்லயே என்னை விட்டுட்டுப் போயிட்டாரே. காலையில ஆணியில அச்சு இல்லைன்னு பார்த்ததுல இருந்து மனுஷன் முகமே சரியில்லை. 'அது எங்க போயிருக்கும்னு எனக்குத் தெரியும். புருனா பார்க்கறதுக்குள்ள எடுத்து மாட்டிடணும், இல்லைன்னா மனசு உடைஞ்சுடுவா'ன்னு சொல்லிட்டு ஓடினார்."

புருனாவின் காலடியில், பாறைக்கு அடியில், தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது.

எழுபது வருஷமாய்க் காய்ந்த தொட்டியில்.

அவள் ஓடினாள். படியில் முழங்கால் இடித்தது. இரும்புக் கதவின் கம்பியெல்லாம் வேர்த்திருந்தது. தாழ்ப்பாள் நகரவில்லை. கை வழுக்கியது.

கீழே டொனாட்டோ பேசிக்கொண்டிருந்தான்.

"விளக்கு வேண்டாம்னு ஏன் சொல்ற புருனா? சரி சரி, கோவிச்சுக்காத. உன் கையைப் பிடிச்சுட்டே வரேன்."

பின்னால் வந்த ஒர்னெல்லா அவள் தோளைப் பற்றினாள். "யார்கூடப் பேசறாரு?"

கூப்பிடணும். மூன்றாவது முறை. இரண்டு ஆகிவிட்டது. ஒன்றுதான் பாக்கி. புருனா வாயைத் திறந்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. எச்சிலை விழுங்கினாள். மூச்சை இழுத்தாள்.

"டொனாட்டோ!"

அவள் குரல்தான். ஆனால் அவள் கூப்பிடவில்லை.

கீழிருந்து வந்தது.

அதற்கு இரண்டு முறைக்கு மேல் கூப்பிட வராது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இரண்டை நீ கூப்பிட்டுக் கொடுத்தால் அது ஒன்று கூப்பிட்டால் போதும் என்று யாரும் சொன்னதில்லை.

"இதோ வந்துட்டேன்" என்றான் டொனாட்டோ. சந்தோஷமாக.

ஒரு காலடி. தண்ணீர் விலகும் ஓசை. இன்னொரு காலடி. இன்னொன்று. பிறகு ஓசை நின்றது.

தாழ்ப்பாள் தானாகவே விலகியது.

ஒர்னெல்லா செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். படிகள் இல்லை. மேல்படியின் விளிம்பு வரைக்கும் கறுத்த தண்ணீர், ஆடாமல் அசையாமல், நிறைந்து நின்றது.

புருனா குனிந்தாள்.

தண்ணீருக்குள் டொனாட்டோவின் முகம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தோளில் தலை சாய்த்தபடி இன்னொரு முகம். புருனாவின் முகம். தன் பிம்பம்தான் என்று ஒரு கணம் நினைத்து, அலறாமலிருக்க அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தண்ணீரில் இருந்தவள் வாயைப் பொத்தவில்லை. அவளுடைய இரண்டு கைகளும், முழங்கை வரை ரொட்டி மாவோடு, சேவல் அச்சை மார்போடு இறுக்கிக்கொண்டிருந்தன.